ஜாஸ் சுவைஞர் கடமை

நல்லிசை கேட்டார் அவ்வின்பத்தைத் தம்முள்ளேயே அடக்கி வைத்தல் அரிது. ஜாஸ் இசையில் ஈடுபட்டார் இருவர் எங்கே கூடினும், 'இந்நாளில் நீவிர் கேட்டுவரும் இசைத்தொகுதி யாது?' என்பதே அவர்தம் முதல் வினாவாக எழும். இவ்வழக்கத்தை வீண் பொழுதுபோக்கு என்று இகழ்வாரும், தம் சேமிப்பைப் பிறர்க்குக் காட்டும் தற்பெருமை என்று நகைப்பாரும் உளர். இவர் கூற்று ஆராயத்தக்கது. இப்பகிர்வு பொழுதுபோக்கன்று, அவ்விசை நிலைபெற்று வாழ்தற்கு இன்றியமையாததொரு கடமை என்பதும், அக்கடமை இந்நாளிற் குறைபடச் செய்யப்படுகின்றது என்பதும் என் துணிபு.

முதற்கண் அவ்விசையின் இயல்பை நோக்குவோம். ஜாஸ் அமெரிக்க நாட்டிலே, சிறப்பாக நியூ ஆர்லியன்ஸ் நகரத்திலே, கறுப்பின மக்களிடையே தோன்றி வளர்ந்தது. மனோதர்மமே அதன் உயிர். ஒரு மெட்டினை அடிப்படையாகக் கொண்டு, அவ்வக்கணத்தில் உள்ளத்தெழுவதனை வாசித்தலே அதன் தனிச்சிறப்பு. வாசித்த மாத்திரத்தே காற்றொடு கலந்துபோகும் அவ்வின்பத்தைப் பிற்காலத்தார்க்குக் காத்தளித்தது இசைத்தட்டேயாம். ஆகவே, நம் பண்டை இலக்கியங்கட்குப் பனையோலைச் சுவடி எத்தகையதோ, ஜாஸ் இசைக்கு இசைத்தட்டும் அத்தகையது. 1945-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் சார்லி பார்க்கர் என்னும் சாக்ஸபோன் மேதை சவாய் நிறுவனத்தார்க்காக வாசித்தபொழுது, ஓர் உருப்படியையே பன்முறை வாசித்த பதிவுகள் எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்றைப்போல் ஒன்றில்லை. அவற்றை ஒப்புநோக்கிக் கேட்டல், தமிழ் மாணவராகிய நாம் பாடபேதம் ஆராய்தலை ஒக்கும்.

சுவடி பரண்மீது உறங்கினாற் பயன் என்னை? அதனைக் கண்டெடுத்துப் பிறர்க்கு அறிவிப்பார் வேண்டுமன்றோ? ஜாஸ் வரலாற்றில் அப்பணியைச் செய்தோர் பெரும்பாலும் சுவைஞரே. 1932-இல் பாரிஸ் நகரத்தில் 'ஹாட் கிளப்' என்னும் கழகம் தோன்றியது. அதனைச் சார்ந்த ஷார்ல் தெலோனே 1936-இல் 'ஹாட் டிஸ்கோகிராபி' என்னும் நூலை வெளியிட்டார். அக்காலத்துத் தட்டுகளின்மேற் பெரும்பாலும் குழுத்தலைவர் பெயர் ஒன்றே பொறிக்கப்பட்டிருந்தது. உடன் வாசித்தோர் பெயரிலாராயினர். எப்பதிவில் எவர் எக்கருவியை இயக்கினார் என்பதனை அந்நூல் நிரல்படத் தொகுத்துரைத்தது.

நியூயார்க்கில் கமடோர் என்னும் இசைத்தட்டுக் கடையை நடத்திய மில்ட் கேப்லரும் அத்தகையரே. வழக்கொழிந்த தட்டுகளை மீண்டும் வெளியிட்டபொழுது, வாசித்தோர் அனைவர் பெயரையும் அவர் பொறிப்பித்தார். அவர் கடை சுவைஞரும் இசைவாணரும் கூடி உரையாடும் மன்றமாக விளங்கிற்று. கறுப்பின மக்களை வன்கூட்டத்தார் மரத்தில் தூக்கிக் கொன்ற கொடுமையைக் கூறும் 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' என்னும் பாடலைப் பில்லி ஹாலிடே பாடிவந்தார். அவர் ஒப்பந்தம் செய்திருந்த கொலம்பியா நிறுவனம் அதனைப் பதிவு செய்ய உடன்படவில்லை. 1939-இல் அதனை வெளியிட்டவர் இந்தக் கேப்லரே. பெருநிறுவனத்தார் அஞ்சி ஒதுக்கியதனைச் சுவைஞர் கூடும் கடையொன்று ஏற்றுக்கொண்டது. இதனையும் வீண் பொழுதுபோக்கு என்பார் உளரோ?

மாணவர்க்கும் இதிற் பங்குண்டு. பக்கம் ஒன்று ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும் தட்டுகள் சிலவற்றை உறைகளிலிட்டுப் புத்தகம்போற் கட்டியதே பழைய 'ஆல்பம்'. 1940-இல் வெளிவந்த 'சிகாகோ ஜாஸ்' என்னும் ஆல்பத்தை அமைத்த ஜார்ஜ் அவாக்கியன், அக்காலை யேல் பல்கலைக்கழகத்தில் பயின்றுவந்த ஓர் இளைஞர்.

நிற்க. இந்நாளின் நிலையை நோக்குவோம். கைப்பேசியில் விரல் தொட்ட அளவில் எண்ணிறந்த தொகுதிகள் செவிக்கு எட்டுகின்றன. தட்டுப் பஞ்சம் தீர்ந்தது. பெயர்ப் பஞ்சமோ மீண்டும் வந்தது. திரையிற் பெரும்பாலும் அட்டைப்படமும் தலைவர் பெயருமே முன்னிற்கின்றன. கேட்டாரும் தொகுதியின் பெயரை மட்டும் மொழிந்து அமைகின்றனர். தெலோனேயும் கேப்லரும் அரிதின் முயன்று நீக்கிய குறையை நாமே மீண்டும் வருவித்துக்கொள்ளுதல் தகுமோ?

மைல்ஸ் டேவிஸ் 1959-இல் பதிவு செய்த 'கைண்ட் ஆஃப் புளூ' யாவரும் புகழ்வதொன்று. 'யான் அதனைக் கேட்கின்றேன்' என்றால், கேட்டவர்க்கு விளைந்த பயன் யாது? அதிற் பியானோ வாசிப்பவர் பில் எவன்ஸ் என்றும், 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' என்னும் உருப்படியில் மட்டும் விண்டன் கெல்லி என்றும் கூறி, இருவர் நடையையும் அடுத்தடுத்துக் கேட்குமாறு பணிக்கின், அது பகிர்தலாகும். பதிவுப் பொறியொன்றின் வேகக் குறையால் அத்தொகுதியின் முதற்பக்கத்து மூன்று உருப்படிகளும் நெடுங்காலம் உரிய சுருதியினும் சற்று உயர்ந்தே ஒலித்தன. 1992-இல் வந்த மறுபதிப்பில் அது திருத்தம் பெற்றது. ஆகவே எப்பதிப்பைக் கேட்டோம் என்பதனையும் உரைத்தல் வேண்டும். பதிப்புக் கூறாது ஒரு நூலை மேற்கோள் காட்டுதல் நம் வகுப்பிற் செல்லாதன்றோ?

'இத்துணை விவரம் இன்பத்தைக் கெடுக்கும்' என்பர் சிலர். முதன்முறை கேட்பார்க்கு அது பொருந்தும். யாரும் எதுவும் சொல்லாமற் கேட்கட்டும். ஆயின் மீண்டும் மீண்டும் கேட்டு உவந்த ஒருவர், தமக்கு அவ்வுவகை தந்தவர் பெயரை அறியாதிருத்தல் நன்றியன்று. வாழ்நாளில் உரிய ஊதியமும் உரிய மதிப்பும் பெறாது மறைந்த இசைவாணர் பலர்க்கு, அவர் பெயரைச் சொல்லுதலொன்றே நாம் இன்று செலுத்தக்கூடிய கடன்.

பிறிதொன்றும் கூறவேண்டும். புகழ்பெற்ற பத்துத் தொகுதிகளையே அனைவரும் சுற்றிச்சுற்றிப் புகழ்தல் எளிது. மேரி லூ வில்லியம்ஸ் என்னும் அம்மையார் பன்னிரண்டு இராசிகளுக்கும் ஒவ்வோர் உருப்படியாக இயற்றி 1945-இற் பதிவு செய்த 'சோடியாக் சூட்' போன்றவற்றை எடுத்துரைப்பார் சிலரே. பலரும் அறிந்த ஒன்றைக் கூறுங்கால், பலர் அறியாத ஒன்றையும் உடன் கூறுதல் நலம்.

ஆதலின், நண்பர்காள், 'இப்பொழுது எதனைக் கேட்கின்றீர்?' என்று ஒருவர் வினவுங்கால் தொகுதியின் பெயரோடு நின்றுவிடாதீர். வாசித்தோர் இன்னார், ஆண்டு இது, செவிசாய்க்க வேண்டிய இடம் இது என்று விரித்துரைமின். பின்னர் அவர் கேட்டுவரும் தொகுதியையும் அவ்வாறே விரிக்கும்படி வேண்டுமின்.