முன்யோசனை இல்லாதவர் யார்?

தொழிலாளிக்கு முன்யோசனை கிடையாதாம். கைக்கு வந்த காசை அன்றைக்கே தீர்த்துவிடுகிறானாம். பிராவிடண்ட் பண்டைப் பாதியில் எடுத்துவிட்டு, தள்ளாத வயதில் வெறுங்கையோடு நிற்கிறானாம். ஆகவே அவன் பணத்தை அவனே தொடாதபடி பூட்டி வைப்பதுதான் உபகாரமாம். மத்திய சர்க்காரின் உபதேசம் இது!

2016 பிப்ரவரியில், முதலாளி கட்டும் பங்கை 58 வயது வரை எடுக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். ஏப்ரலில் பெங்களூர் ஆயத்த ஆடை ஆலைகளின் பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தார்கள். ஏப்ரல் 19 அன்று சர்க்கார் உத்தரவை வாபஸ் வாங்கியது. 2025 அக்டோபரில் பூட்டு வேறு உருவில் வந்தது. வேலையிழந்தவர் முக்கால் பங்கை உடனே எடுக்கலாம். மீதிக் கால் பங்குக்கு 2 மாதமல்ல, 12 மாதம் காத்திருக்க வேண்டும் என்று பண்டின் மத்திய அறங்காவலர் குழு முடிவு செய்தது.

எடுத்த பணம் முதுமைக்கு இராது என்பது உண்மை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஏன் எடுக்கிறோம்? மில் கதவு மூடினால் மளிகைக்கடைக் கடன் 12 மாதம் காத்திருக்குமா? பிள்ளையின் காய்ச்சல் காத்திருக்குமா? பண்டு இல்லையேல் கந்துவட்டிக்காரன் வாசல்தான். நம்மிடம் குறைவது முன்யோசனை அல்ல, கூலி!

சரி, கடைசிவரை பொறுத்திருந்தவன் கண்டதென்ன? 1995-ம் வருஷத்துப் பென்ஷன் திட்டத்தில் 2014-ல் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். நாளுக்கு 33 ரூபாய்! பத்தாண்டு கடந்தும் அது அசையவில்லை. வயலில் உழைக்கும் விவசாயத் தொழிலாளிக்கோ பண்டே கிடையாது. 2007-ல் தொடங்கிய முதியோர் பென்ஷன் திட்டத்தில், 80 வயது ஆகாதவருக்கு மத்திய சர்க்கார் ஒதுக்கிய பங்கு மாதம் 200 ரூபாய். அதுவும் பத்தாண்டுக்கு மேல் ஏறவில்லை.

அதே சர்க்கார் 2025 மார்ச்சில் முன்னாள் பார்லிமெண்ட் அங்கத்தினர்களின் பென்ஷனை 25,000-லிருந்து 31,000 ரூபாய் ஆக்கியது. அவர்கள் சந்தா கட்டிச் சேர்த்த பணமா அது? இல்லை! அவர்களுக்கு மட்டும் முன்யோசனைப் பரீட்சை கிடையாது.

முதுமைக்கு ஏற்பாடு வேண்டும் என்று நாமும் சொல்கிறோம். அதற்கு வழி பூட்டு அல்ல. வேலையில்லாக் காலத்துக்கு நிவாரணம் கொடு. பண்டை உடைக்கும் அவசியம் இராது. சேமிக்கத் தக்க கூலி கொடு. ஆலையிலும் வயலிலும் உழைத்து ஓய்ந்த ஒவ்வொருவருக்கும் விலைவாசிக்கேற்ற பென்ஷன் கொடு!

பெங்களூர்ச் சகோதரிகள் ஒன்றுபட்டார்கள், உத்தரவு பறந்தது. ஆலையும் வயலும் ஒன்றுபட்டால் பென்ஷனும் வரும்!