தாலி இல்லை, பங்கு உண்டு!

மாமல்லபுரம் கடலோரத்தில் உல்லாச விடுதிகள் பெருகின. மனை விலை ஏறியது. செங்கல்பட்டு வட்டாரத்தில் ஆலைக் கூலியையும் வயல் கூலியையும் சேர்த்து ஆணும் பெண்ணுமாக வாங்கிய இரண்டு சென்ட் மனை இன்று பெரும் சொத்து. மணம் புரியாமல் சேர்ந்து வாழ்ந்த அவ்விருவர் பிரிந்தால்? "தாலி கட்டினானா?" என்று கேட்டுப் பெண்ணை வெறுங்கையோடு அனுப்பப் பார்க்கிறார்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள். இது அநீதி!

சட்டம் தாலியைக் கேட்கவில்லை. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 45ஆவது பிரிவு என்ன சொல்கிறது? இருவர் பெயரில் கிரயம் ஆனால், அவரவர் போட்ட பணத்துக்கு ஏற்பப் பங்கு. அதற்குச் சாட்சியம் இல்லையேல் சரிபாதி. ஆனால் பத்திரத்தில் பெயர் இல்லாதவர் "என் பணமும் உண்டு" என்று வழக்காட, 1988ஆம் ஆண்டுப் பினாமிச் சட்டம் பெரும் தடை. ஆகவே தோழர்களே, பதிவு நாளன்றே இருவர் பெயரும், போட்ட தொகையும் பத்திரத்தில் ஏறட்டும்!

மனையைத் துண்டாட முடியாவிட்டால், 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டப்படி, பாதியோ அதற்கு மேலோ பங்குள்ளவர் கேட்டால் கோர்ட்டு விற்பனைக்கு உத்தரவிடலாம். அப்போது அப்பங்கை மதிப்பு விலைக்குத் தானே வாங்கிக்கொள்ள மற்றவருக்கு உரிமை உண்டு. ஆனால் கூலிக்காரியிடம் ரொக்கம் ஏது? உரிமை ஏட்டில் நிற்கும். மனை பணமூட்டைக்காரன் கைக்குப் போகும்.

இதற்குக் கூட்டுறவு வங்கிகள் குறைந்த வட்டிக்குக் கடன் தர வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளருக்கும் உரிய இலவச சட்ட உதவி கிராமந்தோறும் எட்ட வேண்டும். சங்கங்கள் இவ்வழக்குகளைத் தம் வழக்காக ஏற்கட்டும். உழைத்தவர் பங்கு உழைத்தவருக்கே!