கணனிப் பக்கம்: வன்தட்டைக் காணவில்லையாம்!

அல்பெர்கேரியாவில் பலாரோச் சந்தையை ஒட்டிய தெருக்களில் பழைய சாமான்களை நிலத்திலே பரப்பி விற்கிறார்கள். பிள்ளைகளின் படிப்புக்கென்று எம்மவர் சிலர் இப்படியான இடங்களில் பழைய மடிக்கணனி வாங்குகிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து விண்டோஸைப் புதிதாகப் பதியப் போனால், வன்தட்டு எதுவும் இல்லை என்று திரையில் வருகிறது. திருத்துபவரிடம் காட்டினால் ‘ரொத்தோ’ என்று ஒரே சொல். பழுதாம், புதுத்தட்டு போடவேண்டுமாம். காசை எண்ணிக் கொடுக்க முதல் நாம் சிலவற்றை விளங்கிக்கொள்வது நல்லது.

வீட்டுக் கணனிகளில் வன்தட்டு இணைக்கப்படும் பாதைகள் முக்கியமாக மூன்று. பழையது ஐடிஈ, அகலமான பட்டி வயர். அடுத்தது 2003 அளவில் வந்த சாட்டா, ஒடுங்கிய வயர். இப்போதையது என்விஎம்ஈ; இதன் விதிமுறை 2011 இல் வெளியானது. ஒவ்வொன்றுக்கும் தனியான டிரைவர் வேண்டும். வாகனச் சாரதி அல்ல, தட்டோடு பேசும் சிறு மென்பொருள்.

எது எந்தப் பாதை என்று விண்டோஸ் எப்படி அறிகிறது? தொழிற்சாலையில் பெட்டிகளைத் திறந்து பார்த்தா நாம் பிரிக்கிறோம்? மேலே ஒட்டிய இலக்கத்தைத்தானே பார்க்கிறோம். தட்டைக் கட்டுப்படுத்தும் சில்லிலும் அப்படி இலக்கம் உண்டு. முதலில் 01 என்றால் சேமிப்புச் சாதனம். அடுத்து 01 வந்தால் ஐடிஈ, 06 வந்தால் சாட்டா, 08 வந்தால் என்விஎம்ஈ. பொருத்தமான டிரைவர் வந்து தட்டிடம் ‘நீ யார்?’ என்று கேட்கும். ஐடிஈ, சாட்டா தட்டுகள் 512 பைட்டில் பதில் சொல்லும். மாதிரிப் பெயர், தொடர் இலக்கம், கொள்ளளவு எல்லாம் அதில் இருக்கும்.

பொருத்தமான டிரைவர் இல்லாவிட்டால் அந்தக் கேள்வியே கேட்கப்படாது. தட்டு சுகமாகத்தான் இருக்கும், கூப்பிட ஆளில்லை. 2001 இல் வந்த எக்ஸ்பியில் சாட்டாவின் ஏஎச்சிஐ முறைக்கு டிரைவர் இல்லாமல் பலர் அலைந்தார்கள். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பல மடிக்கணனிகளில் ‘விஎம்டி’ என்ற அமைப்பு குறுக்கே நின்று தட்டை மறைக்கிறது.

ஆகவே முதலில் பயோஸைத் திறந்து பாருங்கள். அங்கே தட்டின் பெயர் தெரிந்தால் அது பதில் சொல்லியிருக்கிறது. கணனி செய்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரை எடுத்து யூஎஸ்பி குச்சியில் போட்டு, பதியும்போது ‘காரிக்கா டிரைவர்’ என்பதை அழுத்துங்கள். பயோஸில் விஎம்டியை நிறுத்தியும் பார்க்கலாம். ஆனால் ஏற்கெனவே விண்டோஸ் உள்ள கணனியில் அதைத் தொட்டால் நீலத்திரை வரும், பழையபடி மாற்றிவிடுங்கள். பயோஸிலும் பெயரில்லை, ‘டிக் டிக்’ என்று சத்தமும் வருகிறது என்றால் திருத்துபவர் சொன்னது சரிதான்.

இன்னொன்று. ஊர்ப் படங்கள், காலமான பெற்றோரின் படங்கள் எல்லாம் வெளிப்பெட்டித் தட்டில் வைத்திருக்கிறோம். அதை டிரைவர் யூஎஸ்பி என்றே அறியும். நடுவில் நிற்கும் சில்லு கொஸ்தூராவில் எமக்குப் பக்கத்தில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் மாதிரி. அவர் சொல்வதுதான் பதிவாகும். சில பெட்டிகள் தட்டின் 512 பைட் துண்டுகளை 4096 என்று மாற்றிச் சொல்லும். பெட்டி பழுதாகித் தட்டைக் கழற்றி நேரே பூட்டினால், விண்டோஸ் அதை வெறுந்தட்டு என்று எண்ணி ஃபோர்மற் செய்யவா என்று கேட்கும். ஓம் என்று அழுத்தவே வேண்டாம்! அதே வகைப் பெட்டி ஒன்றில் போட்டுப் பாருங்கள், படங்கள் அப்படியே இருக்கக்கூடும்.

புதுத்தட்டு வாங்கியே ஆகவேண்டும் என்றால், எம்.2 பட்டைத்தட்டில் சாட்டாவும் உண்டு, என்விஎம்ஈயும் உண்டு. விளிம்பில் ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்ஈ, இரண்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. வெட்டை மட்டும் நம்பாமல் லேபலை வாசியுங்கள். கழற்றிய பழைய தட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.