மதுரைக்கு வந்த கோப்பை

ஊர்ப் பெருமை பேசாதவர் உலகில் உண்டோ? தூத்துக்குடி உப்பைப் பற்றி வெளியூரார் ஒரு சொல் குறைத்துப் பேசினால் நமக்குப் பொறுக்காது. மக்ரூனுக்கு வேறெந்த ஊராவது உரிமை கொண்டாடினால் சண்டைக்கே போய்விடுவோம். ஆனால் ஊரின் பெயரைச் சட்டையில் தாங்கி ஒரு பெண் பந்து விளையாடினால், அதையும் நம் பெருமைகளுள் ஒன்றாக எண்ணுகிறோமா? அன்புத் தோழியரே, பெற்றோரே, இதைப் பற்றித்தான் சற்றுச் சிந்திக்க விரும்புகிறோம்.

2019ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள் பஞ்சாபிலுள்ள லூதியானா நகரில் இந்திய மகளிர் கால்பந்து லீக்கின் இறுதியாட்டம் நடைபெற்றது. ஒரு பக்கம் மதுரையின் சேது எஃப்.சி. மறு பக்கம் இம்பாலின் மணிப்பூர் போலீஸ் அணி. சேது அணி 3–1 என்ற கோல் கணக்கில் வென்று, இந்தக் கோப்பையை முதன்முதலாகத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது. நம் பள்ளியில் எத்தனை பேருக்கு இந்தச் செய்தி தெரியும்? கிரிக்கெட் ஆண்கள் அணியில் பதினோராவது ஆட்டக்காரர் யார் என்று கேட்டால் வகுப்பே எழுந்து விடை சொல்லும். இதைக் கேட்டால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

இம்பாலை எதிர்த்து வெல்வது எளிய காரியமன்று. அந்நகரின் பெரிய சந்தைக்கு ‘இமா கைத்தெல்’ என்று பெயர். ‘அன்னையர் சந்தை’ என்பது அதன் பொருள். அங்கே கடை வைத்திருப்போர் அனைவரும் பெண்களே. பெண்கள் வெளியே வந்து உழைப்பதை இயல்பாகக் கருதும் அம்மண்ணில், பெண்கள் பந்து விளையாடுவதும் புதுமையாகத் தோன்றவில்லை. தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியை மணிப்பூர் இருபது தடவைக்கு மேல் வென்றிருக்கிறது. 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்ட ஒய்னாம் பெம்பெம் தேவி அம்மாநிலத்தின் மகளே. அப்படிப்பட்ட மணிப்பூரை 2018 பிப்ரவரியில் கட்டாக் நகரில் 2–1 என வென்று, தமிழ்நாட்டுப் பெண்கள் முதன்முறையாகத் தேசியப் பட்டத்தைப் பெற்றார்கள். 2023இல் அமிர்தசரசில் மீண்டும் வென்றார்கள்.

“சேது அணியில் மணிப்பூர்ப் பெண் டாங்மெய் கிரேஸ் ஆடினார், நேபாளத்திலிருந்து சபித்ரா பண்டாரி வந்து ஆடினார். பிறகு இது எப்படி மதுரையின் வெற்றி ஆகும்?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஊர் என்பது பிறப்புச் சான்றிதழ் மட்டுமா? அதே 2019இல் ஐ-லீக் பட்டம் வென்ற சென்னை சிட்டி அணி, தன் சொந்த ஆட்டங்களைக் கோயம்புத்தூரில்தான் ஆடியது. கோவை மக்கள் திரண்டு வந்து அதைத் தங்கள் அணியாகவே ஏற்றுக்கொண்டார்கள். துறைமுக ஊரில் பிறந்த நமக்கு இது விளங்கவேண்டும். எங்கிருந்தோ வருபவரை நம்மவர் ஆக்கிக்கொண்டே வளர்ந்த ஊரன்றோ இது! ஆகவே, ஓர் அணியை ஊருக்குச் சொந்தமாக்குவது அதைப் பார்க்க வந்து நிற்கும் மக்களே என்போம். அந்த மே மாத நாளில் மதுரைக்கும் லூதியானா தொலைவு, இம்பாலுக்கும் தொலைவு. இரு ஊர்ப் பெண்களும் தம் ஊரார் திரண்டு நின்று கைதட்டும் ஓசை இன்றியே ஆடினார்கள். நம் வருத்தமெல்லாம் அதுதான்.

இது நம் நாட்டுக் குறை மட்டுமன்று. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1921இல் தன் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அவை மூடியே கிடந்தன. 1986இல் மெக்சிகோவில் கூடிய உலகக் கால்பந்துக் கழக மாநாட்டில், நார்வே நாட்டுப் பெண்மணி எல்லன் வில்லே எழுந்து, பெண்களுக்கும் உலகக் கோப்பை வேண்டும் என்று கேட்டார். 1991இல் அது வந்தது. 1995இல் நார்வேயே அதை வென்றது. ஒருத்தி எழுந்து கேட்டதன் பலன் அது.

நம் கடற்கரைக்கு வருவோம். மாலையானால் மணலில் பந்து உருளுகிறது. உருட்டுபவர் நம் அண்ணன் தம்பிமார். நாம் கரையில் நின்று பார்க்கிறோம். ஐந்தாம் வகுப்பு வரை நாமும் ஓடினோம். வயதுக்கு வந்ததும் “இனி என்ன ஓட்டம்?” என்று நிறுத்திவிடுகிறார்கள். வெயிலில் கறுத்துப்போவாய், படிப்புக் கெடும், நாளை பெண் கேட்டு வருபவர் என்ன சொல்வார் என்று காரணங்கள் மூன்று. உடல் தாங்காது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். இதே மன்னார் வளைகுடாவில், இராமநாதபுரத் தீவுகளை ஒட்டி, மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி எடுப்பவர்கள் பெண்களே.

படிப்பும் பிழைப்பும் கெடும் என்பதற்குக் கடலூர் விடை சொல்லும். அவ்வூரில் பிறந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியவர். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர் பணியும் பெற்றவர். 2004 சுனாமி புரட்டிப்போட்ட அதே கடலூரில், துயருற்ற சிறுமியருக்குக் கால்பந்து பழக்கினார்கள். அவர்களுள் சிலர் பின்னர் உயர்ந்த அணிகளில் இடம் பெற்றார்கள். கடல் எடுத்துக்கொண்டதைப் பந்து திருப்பித் தரவில்லை. ஆனால் எழுந்து நிற்கத் துணை செய்தது.

எனவே நாங்கள் கேட்பது பெரிதன்று. வாரத்தில் இரண்டு மாலை, மேல் வகுப்பு மாணவியருக்கும் மைதானம் வேண்டும். கோயில் திருவிழாக்களில் ஆண்களுக்குப் போட்டி வைக்கும் ஊர்கள், பெண்களுக்கும் ஓர் ஆட்டம் வைக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெற்றோர் வந்து பார்க்கவேண்டும்.

1961இல் நம் கரையின் கடைசிப் பெரும் முத்துக்குளிப்பு முடிந்தது. அந்நாளில் மூழ்குபவரின் கயிற்றைத் தோணியிலிருந்து ஒருவர் பிடித்திருப்பார். கயிறு அசைந்ததும் இழுத்துத் தூக்குவது அவர் கடமை. அவர் பிடித்திருந்த கயிறு, மூழ்குபவரைத் தடுத்து நிறுத்த அன்று. துணிந்து மூழ்கச் செய்யவே. பெற்றோரே, அருட்சகோதரிகளே, கயிறு உங்கள் கையில் இருக்கட்டும். நாங்கள் இறங்குகிறோம்.