இருமுறை இடிந்த வீடு

அன்புள்ள வாசகர்களுக்கு,

ஷேக்ஸ்பியர் பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் நம் வாசகர்களிலேயே பலர் இருப்பீர்கள். அவர் சம்பாதித்து வாங்கிய வீட்டை மட்டும் யாராலும் பார்க்க முடியாது. இங்கிலாந்தில் ஏவன் ஆற்றங்கரையில் இருக்கும் ஸ்ட்ராட்ஃபோர்டு என்ற சிறிய ஊரில், 'நியூ பிளேஸ்' என்ற அந்த வீடு நின்ற மனை இன்று தோட்டமாக இருக்கிறது.

பின்னாளில் லண்டன் மேயரான ஹியூ கிளாப்டன் 1483 வாக்கில் கட்டிய வீடு அது. ஊரிலேயே இரண்டாவது பெரியது என்பார்கள். ஷேக்ஸ்பியரின் அப்பா கையுறை தைத்து விற்றவர். பிற்காலத்தில் கடன்பட்டு நிலத்தை அடகு வைத்தவர். அவருடைய பிள்ளை தன் 33ஆம் வயதில், 1597இல், பத்து கணப்படுப்புகள் கொண்ட இந்த மாளிகையை வாங்கினார். பத்திரத்தில் எழுதிய தொகை 60 பவுண்டு. விற்ற வில்லியம் அண்டர்ஹில்லை இரண்டே மாதத்தில் அவருடைய மூத்த மகன் விஷம் வைத்துக் கொன்றுவிட்டான். இளைய மகன் வயதுக்கு வந்த பிறகு, 1602இல்தான் கிரயம் உறுதியானது. 1616இல் ஷேக்ஸ்பியர் கண்மூடியதும் இந்த வீட்டில்தான். பிறகு மகள் சூசன்னா, பேத்தி எலிசபெத். பேத்தியோடு அவருடைய நேர் வாரிசு முடிந்தது. வீடு கைமாறியது.

1750களில் அதை வாங்கியவர் பிரான்சிஸ் கேஸ்ட்ரெல் என்ற பாதிரியார். தோட்டத்தில் ஒரு மல்பெரி மரம். ஷேக்ஸ்பியர் தம் கையால் நட்டது என்று ஊர் நம்பியது. அதைப் பார்க்க வருகிறவர்களின் தொல்லை பொறுக்காமல் மரத்தை வெட்டிப் போட்டார் கேஸ்ட்ரெல். ஊரார் கொதித்துப்போய் ஜன்னல்களை உடைத்தார்கள் என்று சொல்வார்கள். பிறகு வரித்தகராறு வந்தது. ஆண்டில் பாதி நாள் வேறு ஊரில் இருக்கிறவர் முழு வரி ஏன் கட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. 1759இல் வீட்டையே தரைமட்டமாக்கிவிட்டு ஊரைவிட்டுப் போனார். வெட்டிய மரத்தின் பெரும்பகுதியைத் தாமஸ் ஷார்ப் என்ற கடிகாரக்காரர் வாங்கி, பேழையும் கிண்ணமுமாகச் செய்து பல ஆண்டுகள் விற்றார். ஒரு மரத்தில் இத்தனை பொருளா என்று ஊர் சந்தேகப்பட்டது. எல்லாமே அந்த மரம்தான் என்று 1799இல், சாகும் தறுவாயில், சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தார்.

கேஸ்ட்ரெல் பெயரை இன்றும் கரித்துக் கொட்டுகிறார்கள். ஆனால் அவர் இடித்தது ஷேக்ஸ்பியர் வாழ்ந்த வீடே அல்ல. கைமாறி மீண்டும் தங்களிடமே வந்திருந்த அந்த வீட்டை 1702 வாக்கிலேயே கிளாப்டன் குடும்பத்தார், தங்கள் பிள்ளைக்குப் புதுப் பாணியில் வீடு கட்டித் தருவதற்காகப் பிரித்துவிட்டார்கள். அப்போது யாரும் கல்லெறிந்ததாகச் செய்தி இல்லை. என்னை உறுத்துவது இந்த முதல் இடிப்புதான். கோபத்தில் இடித்ததைக் காலமெல்லாம் பேசுகிறோம். ஆசையாசையாகப் புதுப்பித்ததில் போனதை, போன பிறகும் கவனிப்பதில்லை.

மூல வீட்டின் சாயல் கொஞ்சமாவது நமக்குத் தெரிகிறது என்றால், அதற்கு ஜார்ஜ் வெர்ட்யூ என்ற ஓவியர் காரணம். 1737இல் அந்த ஊருக்குப் போனவர், வீட்டின் முகப்பு எப்படி இருந்தது என்று விசாரித்து, ஒரு சின்னக் கோட்டோவியமாகக் குறித்து வைத்தார். வீடு போய் முப்பத்தைந்து ஆண்டு ஆகியிருந்தது. மனிதர்களின் ஞாபகத்தில் மட்டும் நின்றது. 2010இல் தொடங்கி அங்கே அகழாய்வு செய்தவர்கள் அடுக்களையின் தடயங்களைக்கூடக் கண்டெடுத்தார்கள். ஆனாலும் தெருவில் நின்று பார்த்தால் அந்த வீடு எப்படி இருந்திருக்கும் என்பதற்கு அந்தக் கோடுகளைத்தான் நாட வேண்டியிருக்கிறது.

வெர்ட்யூ செய்ததை நீங்களும் செய்து அனுப்ப வேண்டும் என்று கேட்கிறேன். உங்கள் குடும்பத்தில் இடித்துக் கட்டிய, விற்றுவிட்ட, விட்டுவிட்டு வந்த வீடு ஒன்று இருக்கும். வீட்டுப் பெரியவர்களைச் சொல்லச் சொல்லி வரையுங்கள்: திண்ணை எத்தனை நீளம், கிணறு எந்தப் பக்கம், நெல் எங்கே கொட்டினார்கள், பிரசவம் எந்த அறையில் நடந்தது. கோடு கோணலாக இருந்தால் பரவாயில்லை. ஊர் பெயரும், இடித்த ஆண்டும், ஞாபகத்திலிருந்து சொன்னவர் பெயரும் கீழே இருக்கட்டும். வருகிற இதழிலிருந்து நடுப்பக்கம் இரண்டையும் இதற்கென்றே ஒதுக்கி வைக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்