ஒரு வயது ஆகட்டும், பிறகு ஆட்டுப்பால்



ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் நமக்கு நாக்கில் ஊறுவது பால்கோவா. 2019-ல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. எல்லாம் பசும்பால் தந்த பெருமை. ஆனால் ஊரைத் தாண்டி, புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கூட்டம் தாங்காத திருவண்ணாமலைப் பக்கம் போய்ப் பாருங்கள் (கிரிவலத் திருவண்ணாமலை இல்லை, இது சீனிவாசப் பெருமாளின் 'தென் திருப்பதி'). அங்கிருந்து ராஜபாளையம் வரைக்கும் வெள்ளாடு மேயாத காடு கரை ஏது? இந்த வட்டாரத்தின் சொந்த இனம் கன்னி ஆடு: கறுத்த உடம்பு, முகத்தில் இரண்டு கோடு.

இதைக் கறிக்காகத்தான் வளர்க்கிறார்கள். குட்டிகள் முட்டி முட்டிக் குடித்தது போக மிஞ்சுவது ஒரு டம்ளரோ, அரை டம்ளரோ. அந்த அரை டம்ளர் யாருக்குப் போகும்? வீட்டில் எது கடைக்குட்டியோ அதற்குத்தான். பிள்ளைக்குச் சளி பிடிக்காது, எலும்பு உறுதியாகும், "ஆடு நூறு தழை கடிக்குது, அதன் பாலே மருந்து" என்பார்கள் அப்பத்தாக்கள்.

அப்பத்தா சொன்னதில் பாதி சரி. ஆட்டுப்பாலில் கொழுப்புத் துளிகள் சிறியவை. வயிற்றில் இளந்தயிராகத்தான் திரியும், சீக்கிரம் செரிக்கும். உறை ஊற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எருமைத் தயிர் மாதிரி வெட்டி எடுக்க முடியாது, தளதளவென்றுதான் இருக்கும். கால்சியமும் புரதமும் பசும்பாலுக்குக் குறைவில்லை. சோறு, பருப்பு, கீரை, முட்டை எல்லாம் சாப்பிடும் நாலு வயதுப் பிள்ளை தினம் ஒரு டம்ளர் குடித்தால் ரொம்ப நல்லது.

மற்ற பாதியில்தான் சிக்கல். தாய்ப்பால் போதவில்லை என்று மூன்று மாதக் குழந்தைக்குச் சங்கில் ஆட்டுப்பால் புகட்டும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. ரத்த அணுக்கள் உருவாக ஃபோலேட் என்ற சத்து வேண்டும். பசும்பாலில் 100 மில்லிக்கு 5 மைக்ரோகிராம் அளவில் இருக்கும் அது, ஆட்டுப்பாலில் 1 மைக்ரோகிராம்தான். பி12-ம் குறைவு, இரும்புச்சத்து பெயருக்குத்தான். ஆட்டுப்பாலையே நம்பி வளர்ந்த குழந்தைகள் வெளிறிப் போவதை ஜெர்மனி மருத்துவர்கள் 1920-களிலேயே பார்த்து, 'ஆட்டுப்பால் ரத்தசோகை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பி12-ம் இரும்பும் மூளை வளர்ச்சிக்கும் வேண்டியவை. குழந்தை சோர்ந்து கிடக்கும்; தவழ்வதும் உட்காருவதும் தள்ளிப்போகலாம். நாமோ "சமத்துப் பிள்ளை, அழவே அழாது" என்று சொல்லிக்கொண்டிருப்போம்!

இன்னொன்று, தாய்ப்பாலைப் போல மூன்று மடங்கு புரதம் ஆட்டுப்பாலில் இருக்கிறது. பிஞ்சுச் சிறுநீரகத்துக்கு அது பாரம். தண்ணீர் கலந்தால் சரியாகிவிடாதா? ஆகாது. இருக்கிற கொஞ்ச சத்தும் நீர்த்துப் போகும்.

பசும்பால் புரதம் ஒவ்வாத குழந்தைக்கு ஆட்டுப்பாலுக்கு மாற்றிப் பார்க்கிறவர்களும் உண்டு. இரண்டின் புரதமும் கிட்டத்தட்ட ஒரே சாடை. அது ஒவ்வாத குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இதுவும் ஒவ்வாது.

காந்தியே குடித்தாரே என்பீர்கள். 1919-ல் அவர் ஆட்டுப்பாலுக்கு வந்தபோது அவருக்கு வயது 49!

காய்ச்சாமல், கறந்த சூட்டோடு குடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் காலத்து மால்டா தீவில் சிப்பாய்கள் மாதக்கணக்கில் காய்ச்சலில் படுத்தார்கள். 1887-ல் டேவிட் புரூஸ் கிருமியைக் கண்டுபிடித்தார். அது வந்த வழி ஆட்டுப்பால்தான் என்று 1905-ல் தெமிஸ்டோக்ளீஸ் சாமிட் காட்டினார். புரூசெல்லோசிஸ் என்கிற அந்தக் காய்ச்சல் நம் நாட்டு ஆடுகளிலும் உண்டு. விட்டுவிட்டுக் காய்ச்சல், மூட்டுவலி என்று ஆளை அலைக்கழிக்கும். பால் ஒரு கொதி பொங்கிவிட்டால் கிருமி செத்துவிடும். இதற்குப் போய் சோம்பல் படலாமா? கருக்கலைந்த ஆட்டின் பாலை வீட்டுக்கே எடுக்க வேண்டாம், முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

டெங்கு சீசன் வந்தால் டெல்லியில் ஆட்டுப்பால் விலை பல நூறு ரூபாய்க்கு ஏறிவிடுகிறது, தட்டணுவை ஏற்றுமாம். அதற்கு ஆதாரம் கிடையாது. அந்தக் காசுக்கு இங்கே வாரம் முழுக்க முட்டையும் முருங்கைக்கீரையும் வாங்கலாம்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதன்பின் தாய்ப்பாலோடு பருப்புச்சோறு, கீரை, அங்கன்வாடி சத்துமாவு. பால் உண்மையிலேயே ஊறவில்லை என்றால் என்ன கொடுப்பது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆட்டுப்பால் ஒரு வயதுக்கு மேல், காய்ச்சி, மற்ற சாப்பாட்டோடு.

உங்கள் தெருவில் கைக்குழந்தைக்கு ஆட்டுப்பால் புகட்டும் வீடு இருந்தால் அந்த அப்பத்தாவோடு சண்டைக்குப் போகாதீர்கள். குழந்தையை ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போகச் சொல்லுங்கள். அங்கே ரத்தப் பரிசோதனைக்குக் காசு கிடையாது.

அன்புடன்,
ஆசிரியர்