அண்ணன் சுட்டா வீரம், சந்தால் சுட்டா காட்டுமிராண்டித்தனமா?

கல்கத்தாவுக்கு வந்து பதினோரு வருஷம் ஆச்சு. லேக் மார்க்கெட்டில் வாழை இலை கிடைக்குது, காபிப் பொடி கிடைக்குது. சண்டைக்கு மட்டும் குடும்ப வாட்ஸப் குழுதான் :-) இந்தப் பதிவும் அங்கே ஆரம்பிச்சதுதான்.

போன அக்டோபரில், கொலராடோவில் இருக்கும் பெரியம்மா மகன், எங்க அண்ணன், ஒரு போட்டோ போட்டார். காலடியில் செத்துக் கிடக்கும் மியூல் டீர். கோவேறு கழுதை மாதிரி பெரிய காது, அதனால் அந்தப் பேர். மூணு சீசன் வெறுங்கையோட திரும்பினவர், மானைக் கண்டுபிடிக்கக் கத்துக்கிட்ட கதையையும் எழுதியிருந்தார். விடியறதுக்கு முன்னாடி மேட்டில் ஏறி உட்காரணும். அலையக் கூடாது, பைனாகுலரில் சரிவு சரிவாப் பார்க்கணும். முழு மானைத் தேடாதே, காதைத் தேடு, கொம்பு நுனியைத் தேடு. வெயில் ஏறினா நிழலில் படுத்திருக்கும். காத்து உன் முகத்தில் அடிக்கணும், முதுகில் அடிச்சா உன் வாசனை உனக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துடும்.

குழு முழுக்கக் கைதட்டல். "நம்ம பரம்பரையில் ஒரு வேட்டைக்காரன்!" இது சித்தப்பா.

அப்புறம் மே மாசம், புத்த பூர்ணிமா. புருலியாவின் அயோத்தியா மலையில் சந்தால் மக்கள் வில், ஈட்டியோட வேட்டைக்குப் போகிற நாள். அந்தச் செய்தியை நான் குழுவில் போட்டேன். அதே சித்தப்பா: "காட்டுமிராண்டிங்க, பிடிச்சு உள்ளே போடணும்."

எனக்குச் சுருக்குன்னுச்சு.

வேட்டைக்கு நான் வக்காலத்து வாங்கலை. அண்ணன் லைசன்ஸ் எடுத்தார், அங்கே இத்தனை மான்தான் சுடலாம்னு கணக்கு உண்டு. இங்கே 1972 வனவிலங்குச் சட்டப்படி வேட்டை குற்றம். மேற்கு வங்கத்து வேட்டைத் திருவிழாக்களில் காட்டுப்பன்றி, முயல், உடும்புன்னு எதிர்ப்பட்டதெல்லாம் சாகுது. 2018 ஏப்ரலில் லால்கர் பக்கம் ஒரு புலியே குத்துப்பட்டுச் செத்தது. 2019-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் இந்த வேட்டையைத் தடுக்கச் சொன்னது. சரியான உத்தரவு. சந்தேகமே இல்லை.

ஆனா அந்த நாள் வெறும் கொலை நாள் இல்லை. சந்தால்களின் உச்ச சபை கூடி வழக்குகளைத் தீர்க்கிறதும் அந்த வேட்டையின்போதுதான். அண்ணன் மூணு வருஷம் செலவழிச்சுக் கத்துக்கிட்ட காத்து, நிழல், தடம் எல்லாம் அந்த மக்களுக்குச் சின்ன வயசிலேயே வந்துடுது. ஒருத்தர் கத்துக்கிட்டா திறமை, இன்னொருத்தர் பிறவியிலேயே தெரிஞ்சிருந்தா காட்டுமிராண்டித்தனம். இது என்ன நியாயம்?

வேட்டையை நிறுத்தலாம். அந்தக் கண்ணை ஏன் குருடாக்கணும்?

நம்ம ஊர் இருளர்களைப் பாருங்க. பாம்புத் தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடிச்சவங்க. சட்டம் வந்து பிழைப்பு போச்சு. 1978-ல் கூட்டுறவுச் சங்கம் அமைச்சாங்க. அதே பாம்பைப் பிடிச்சு, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடறாங்க. அந்த விஷத்தில்தான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகுது. 2017-ல் மாசி சடையன், வடிவேல் கோபால்னு ரெண்டு இருளர்களை அமெரிக்காவே ஃப்ளோரிடாவுக்கு வரவழைச்சது, மலைப்பாம்பு தேட. ரெண்டு வாரத்துக்குள் 13 பாம்பு! 2023-ல் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ.

அயோத்தியா மலையிலும் இது நடக்கலாம். விலங்குக் கணக்கெடுப்பு, ரோந்து, கண்ணி அகற்றுவது, சுற்றுலா வழிகாட்டின்னு அந்தக் கண்ணுக்குச் சம்பளம் கொடுங்க. தடை உத்தரவோட வேலை உத்தரவும் போகட்டும்.

நாம செய்யக்கூடியது ஒண்ணு உண்டு. லீவில் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம். மான் போட்டோவை ஊருக்கெல்லாம் அனுப்பறோம். புதருக்குள் அந்தக் காதை முதல்ல பார்த்துக் காட்டினவர் பேரைப் பிள்ளைகள் கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும். போட்டோவுக்குக் கீழே அந்தப் பேரும் இருக்கட்டும்.

இதையெல்லாம் குழுவிலும் எழுதினேன். சித்தப்பா இன்னும் பதில் போடலை. அண்ணன் மட்டும் ராத்திரி போன் பண்ணினார்: "டேய், அந்த ஃப்ளோரிடா கதையை இன்னொரு தரம் சொல்லு."